கிளட்ச் விடாத வண்டி

மார்ச் 3

அண்ணனுக்கு,

யார் கையெழுத்து என்று தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிட வேண்டாம். நலம் விசாரிக்க எழுதவில்லை. என் கல்யாணத்துக்கு வராத மனிதரிடம் விசாரிக்க எனக்கு எதுவும் இல்லை. ஒரு வண்டியைப் பற்றிக் கேட்க வேண்டும். போனில் வேண்டாம், போனில் பேசினால் பாதியில் நீங்கள் அந்தப் பழைய பேச்சை எடுப்பீர்கள், நான் வைத்துவிடுவேன். எனக்குத் தெரிந்தவர்களில் கிளட்ச் விஷயத்தில் பொய் சொல்லாத ஆள் நீங்கள் ஒருவர்தான். வேறு எந்த விஷயத்திலும் உங்களோடு ஐந்து நிமிஷம் உட்கார முடியாது என்பது வேறு கதை.

நான் குப்பை லாரி ஓட்டுகிறேன், அம்மா சொல்லியிருப்பாள். பின்னால் குப்பையை அழுத்தும் இயந்திரம் உள்ள பெரிய லாரி. சில மாதங்களுக்கு முன் டிப்போ பட்டறையில் இதன் கியர்பாக்ஸை இறக்கிப் புது கிளட்ச் பிளேட் போட்டார்கள். மறுநாளிலிருந்தே முதல் கியரில் கிளம்பும்போது வண்டி குளிர்க்காய்ச்சல் வந்தவன்போல நடுங்கியது. ரிவர்ஸ் போட்டால் பல்லைக் கடிக்கும் சத்தம். பட்டறையில் சொன்னேன். புது பிளேட், பழக நாளாகும் என்றார்கள். மறுபடி சொன்னேன். முதலில் உன் காலைக் கவனி என்றார்கள்.

போன மாதக் கடைசியில் மார்க்கெட் பின்பக்கச் சந்தில் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தேன். என் வண்டியில் குப்பை ஏற்றுகிறவனை எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். நாக்கை மடித்து அவன் அடிக்கும் விசிலுக்குத்தான் நான் நகர்வேன், நிற்பேன். அன்றைக்கும் நிற்கச் சொல்லி அடித்தான். கிளட்சை அடிவரை மிதித்தேன். எஞ்சினின் இழுப்பு அந்த இடத்தில் விட்டுப்போயிருக்க வேண்டும். விடவில்லை. வலது கால் பிரேக்குக்குப் போவதற்குள் வண்டி தானாக ஒரு முழம் பின்னால் போய்விட்டது. பின்னால் சுவர். நடுவில் அவன் கால்.

முழங்காலுக்குக் கீழே எலும்பு நொறுங்கியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

அடுத்த மாதம் விசாரணை. நான் எப்போதும் கிளட்சில் காலை வைத்தபடியே ஓட்டுகிறவள், அதனால்தான் கிளட்ச் கெட்டது, விபத்தும் நடந்தது என்று பட்டறையிலிருந்து மேலிடத்துக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை வண்டி ஓட்டக்கூடாது என்று என்னை அலுவலகத்தில் தரை துடைக்க வைத்திருக்கிறார்கள்.

நேராகச் சொல்லுங்கள். தப்பு என் காலிலா, வண்டியிலா? என் கால்தான் என்றால் அதையும் எழுதுங்கள். பதிலை டிப்போ முகவரிக்கே அனுப்பவும். வீட்டுக்கு வேண்டாம்.

தங்கை.


மார்ச் 9

தங்கச்சிக்கு,

'நீங்கள்' என்று எழுதியிருக்கிறாய். பல் முளைத்த நாளிலிருந்து என்னை 'டேய் அண்ணா' என்று கூப்பிட்டவள் நீ. உன் அண்ணியிடம் காட்டினேன், வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வண்டிக்கு வருகிறேன். கிளட்ச் கெடுவதில் இரண்டு தினுசு இருக்கிறது. ஒன்று வழுக்குவது. காலை வைத்தபடியே ஓட்டுகிறவர்களுக்கு வருவது அதுதான். பிளேட் தேய்ந்து மெலிந்துபோகும், ஏற்றத்தில் எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. இன்னொன்று விடாமல் பிடித்துக்கொள்வது. மிதித்தாலும் பிளேட் விலகாமல் எஞ்சினோடு சேர்ந்து சுற்றும். உன் வண்டி வழுக்கியதாக நீ ஓர் இடத்தில்கூட எழுதவில்லை. அது விடமாட்டேன் என்கிறது. இரண்டும் எதிரெதிர் நோய். உன் காலைக் குறை சொன்னவனுக்கு இது தெரியாது என்றால் அவன் பட்டறையில் இருக்கக் கூடாது. தெரிந்தே சொன்னான் என்றால் அவன் மனிதர்கள் நடுவிலேயே இருக்கக் கூடாது.

விடாமல் பிடிப்பதற்குச் சாதாரணக் காரணங்களும் உண்டு. அதை முதலில் கழித்துக்கட்டு. பெடலிலிருந்து போகும் எண்ணெய்க் குழாய் எங்காவது ஒழுகுகிறதா பார். பெடலைக் கையால் அழுத்து. தொடக்கத்தில் கொஞ்சம் சும்மா ஆடும், பிறகு கனக்கும். பாதி தூரம் சும்மா போனால் கோளாறு வெளியே இருக்கிறது, நல்ல செய்தி. பிறகு முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு எஞ்சினை ஓடவிடு. கிளட்சை அடிவரை மிதித்து, கொஞ்சம் பொறுத்து, ரிவர்ஸ் போடு. அவ்வளவு பொறுத்த பிறகும் பல்லைக் கடித்தால் கோளாறு உள்ளே.

புது பிளேட் போட்ட மறுநாளே நடுங்கியது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியில்தான் விஷயம் இருக்கிறது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே நேர்கோட்டில் உட்கார வேண்டும். அதை நேராக வைப்பது போல்ட் என்று பலர் நினைக்கிறார்கள். போல்ட் இறுக்கிப் பிடிக்கும், அவ்வளவுதான். போல்ட் போகும் துளை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிது. நேராக உட்கார வைப்பது இரண்டு சின்ன இரும்பு முளைகள். டவல் பின் என்போம், விரல் நுனி அளவுதான் இருக்கும். அவை இல்லாமல் மாட்டினால் கியர்பாக்ஸ் தன் கனத்திலேயே ஒரு மயிரிழை இறங்கி உட்காரும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் பிளேட் ஒரு பக்கமாக இழுபடும், அதன் நடுத்துளையைச் சுற்றி இருக்கும் பல் ஒருபக்கமாகத் தேயும், அதிலுள்ள ஸ்பிரிங் உடையும், கடைசியில் விலக முடியாமல் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. ஓட்டுகிறவளுக்குத்தான் தெரியும்.

உன் லாரி நான் நினைக்கிற மாடல் என்றால், கியர்பாக்ஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில் இரண்டு பக்கமும் போல்ட்டுகளுக்கு நடுவே ஒரு துளை வெளியே தெரியும். பின் இருந்தால் துளை இரும்பால் அடைபட்டிருக்கும். ஒரு கம்பியை விட்டுப் பார். உள்ளே போகிறதா, முட்டுகிறதா என்று எழுது.

போன வாரம் என் மெக்கானிக் கடைக்கு ஒரு டாக்ஸி வந்தது. பிரித்தால், குளிர்பான டப்பாவை வெட்டி எடுத்த தகரத்தை இடுக்கில் சொருகி வைத்திருக்கிறான் எவனோ. தகரத்தில் பாதி எழுத்துகூடப் படிக்கும்படி இருந்தது. அதைத் தொட்ட கையோடு சாப்பிடப் பிடிக்கவில்லை எனக்கு. நான் இப்படித்தான் என்பது உனக்குத் தெரியும்.

வீட்டுக்கு எழுதாதே என்று சொன்னாயே, அதிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அந்த டிப்போவின் ஃபோர்மேன் யார் என்று எனக்குத் தெரியாதா? நானும் அவனும் ஒரே பட்டறையில், வண்டிக்கு அடியில் ஒரே குழிக்குள் நின்று வேலை பார்த்தவர்கள். இடைவெளி அளக்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜின் இரும்பு இலையால் பல் குத்திவிட்டு, அதே இலையைத் துடைக்காமல் வண்டிக்குள் விடுவான். அவனைத்தான் நீ கட்டிக்கொண்டாய்.

அண்ணன்.


மார்ச் 17

அண்ணா,

கடைசி நாலு வரியை நீ எழுதாமல் இருந்திருக்கலாம். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல உனக்கு இந்த ஜென்மத்தில் வராது.

டிப்போ வாட்ச்மேன் சாவியைக் கொடுத்துவிட்டு வண்டிக்கு முன்னும் பின்னும் ஆள் வராமல் பார்த்துக்கொண்டார். எண்ணெய் ஒழுகல் இல்லை. பெடல் நீ சொன்ன மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் ஆடிப் பிறகு கனக்கிறது. எஞ்சினை ஓடவிட்டு, மிதித்து, பொறுத்து ரிவர்ஸ் போட்டேன். கடித்தது. வாட்ச்மேன் காதைப் பொத்திக்கொண்டார்.

பிறகு அடியில் போய்ப் படுத்தேன். லாரியின் வயிற்றில் என்னவெல்லாம் வடியும் என்று உனக்குத் தெரியாது. அழுகிய காய்கறித் தண்ணீர், மீன் கழிவு, இன்னதென்று பெயர் சொல்ல முடியாத ஒரு கொழகொழப்பு. அதெல்லாம் கழுத்துக்குள் இறங்கியது. நான் அருவருக்கவில்லை, அது என் வேலை. டார்ச் அடித்துத் துளையைத் தேடிப் பிடித்துக் கம்பியை விட்டேன். உள்ளே போனது. முட்டவே இல்லை. அடுத்த பக்கமும் அப்படியே.

என் வீட்டுக்காரர்தான் அந்தக் கியர்பாக்ஸை மாட்டினார். நீ யூகித்ததை நானும் மறைக்கப் போவதில்லை. ஆனால் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, எனக்கே நேற்றுத்தான் தெரியும். அலுவலகத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்தேன், மேலாளர் அறைக் கதவு திறந்திருந்தது. டிரைவர் கால் சரியில்லை என்று ஃபோர்மேனே தன் வாயால் சொல்கிறார், அதுவும் சொந்தப் பெண்டாட்டியைப் பற்றி, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று மேலாளர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பட்டறை என்று நான் உனக்கு எழுதினேனே, அந்தப் பட்டறை இவர்தான். விபத்து நடந்த அன்றைக்குச் சாயங்காலமே போய்ச் சொல்லியிருக்கிறார். அன்றைக்கு ராத்திரி என் பக்கத்தில் உட்கார்ந்து, கவலைப்படாதே, பட்டறை ஆட்களிடம் பேசிப் பார்க்கிறேன் என்றும் சொன்னார்.

துடைப்பத்தை வாளியில் போட்டுவிட்டுக் கழிப்பறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். குப்பை லாரியில் இத்தனை வருஷத்தில் நான் ஒரு நாளும் வாந்தி எடுத்ததில்லை.

வீட்டில் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. வேலை முடிந்து வந்தால் பின்பக்கக் குழாயடியில் குளித்துவிட்டுத்தான் நான் உள்ளே வர வேண்டும். அது கல்யாணமான நாளிலிருந்து இருக்கும் சட்டம், நாற்றம் அவருக்கு ஆகாது. இன்றைக்கும் குளித்தேன். அவர் சாப்பிட்டு முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டிருந்தார். நீ எழுதியதைப் படித்த பிறகு அதைப் பார்க்க முடியவில்லை. அதற்காக உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்.

தங்கச்சி.


மார்ச் 22

தங்கச்சிக்கு,

நான் வருகிறேன். விசாரணை என்றைக்கு என்று எழுது. கடையை உன் அண்ணி பார்த்துக்கொள்வாள். அந்த அதிகாரிகள் முன்னால் கியர்பாக்ஸை நானே இறக்குகிறேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு சாமானையும் வெள்ளைத் துணியில் பரப்பி வைத்து, இது எப்படித் தேய்ந்தது சொல்லுடா என்று அவனையே கேட்கிறேன். அவனைக் கட்டிக்கொள்கிறேன் என்று நீ சொன்ன அன்றைக்கே சொன்னேன். போல்ட்டைப் பாதி முறுக்கிவிட்டு டீ குடிக்கப் போகிறவன், குடும்பத்தையும் அப்படித்தான் நடத்துவான் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். நீ என்னைப் பார்த்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? பொறாமை என்றாய். ஒரு வீடே என்னைப் பார்த்துச் சிரித்தது.

இப்போது பட்டறை முழுக்கச் சிரிக்கட்டும். அவன் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

அண்ணன்.


மார்ச் 29

அண்ணா,

நீ வர வேண்டாம்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அதில் நான் எங்கே இருக்கிறேன் என்று தேடினேன். விசில் எங்கே இருக்கிறான் என்று தேடினேன். ஓர் ஆளின் கால் நசுங்கியதில் உனக்கு ஒரு பழைய கணக்கு நேராகிவிட்டது, அந்தச் சந்தோஷம் ஒவ்வொரு வரியிலும் வடிகிறது. என் வீட்டுக்காரரைப் பார்த்து எனக்கு வந்த குமட்டல் உன் கடிதத்தைப் பார்த்தும் வந்தது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

அவரிடம் கேட்டுவிட்டேன். சாப்பிட உட்கார்ந்திருந்தார். அந்த வண்டியில் டவல் பின் ரெண்டும் எங்கே என்று கேட்டேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். மறுப்பார், கத்துவார், யார் சொன்னது என்று கேட்பார் என்றெல்லாம் நினைத்திருந்தேன். ஒன்றும் இல்லை. குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார்.

"ரெண்டும் வளைஞ்சிருந்துச்சு. அதோட பாக்ஸ் உள்ள உக்காரல. பிடுங்கி எறிஞ்சுட்டேன். புதுசு வேணும்னா ஸ்டோர்ல கேக்கணும், அவன் நாளைக்கு வா, நாளன்னைக்கு வான்னு இழுப்பான். போல்ட் அத்தனை இருக்கு, புடிச்சுக்கும்னு விட்டுட்டேன்."

நடுங்குகிறது என்று நான் வந்து வந்து சொன்னேனே என்றேன். எல்லா டிரைவரும் தினம் வந்து ஏதாவது சொல்வார்கள், அதற்கெல்லாம் கியர்பாக்ஸை இறக்க முடியுமா என்றார். தெரிந்துதானே என் கால்மேல் பழியைப் போட்டீர்கள் என்று கேட்டேன். அதற்குத்தான் அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார். குழந்தைக்கு விளக்குகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

"யோசிச்சுப் பாரு. டிரைவர் தப்புன்னா கொஞ்ச நாள் சஸ்பெண்ட், அப்புறம் எடுத்துக்குவாங்க. ஃபோர்மேன் தப்புன்னா வேலையே போயிரும். உன்னுது போனா வீடு தாங்கும். என்னுது போனா தாங்குமா? கால் வழுக்கிருச்சுன்னு எழுதிக் குடுத்துரு. யாருக்கும் நஷ்டம் இல்ல."

விசிலுக்கு நஷ்டம் இல்லையா என்றேன்.

"அவன் வண்டிக்குப் பின்னாடி நின்னது அவன் தப்பு."

அண்ணா, வண்டிக்குப் பின்னால் நிற்பதுதான் அவன் வேலை.

மாமியார் அடுத்த அறையிலிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பொம்பளைக்கு லாரி எதற்கு, அப்போதே சொன்னேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். இந்த உலகத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் அப்போதே சொல்லியிருக்கிறார்கள். நீயும் அந்த வரிசையில்தான் நிற்கிறாய்.

இன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். விசிலின் பெண்டாட்டி என்னைப் பார்த்ததும் எழுந்து வெளியே போய்விட்டாள். அவன் சுருங்கிப்போயிருக்கிறான். அவன்தான் முதலில் பேசினான். "நான் அடிச்சது கேட்டுச்சாக்கா?" என்றான். கேட்டது, உடனே மிதித்தேன் என்றேன். "அது போதும். கேக்கலையோன்னு நெனச்சுட்டே படுத்திருந்தேன்," என்றான். நான் கால் வழுக்கியது என்று எழுதிக் கொடுத்தால் அவனிடமும் பொய் சொன்னவளாவேன்.

விசாரணையில் கியர்பாக்ஸை எல்லோர் முன்னாலும் இறக்கச் சொல்லி நானே கேட்கப் போகிறேன். மறு ஷிப்ட் மெக்கானிக்கிடம் பேசிவிட்டேன். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருப்பார், கண்ணாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். பயந்த ஆள். ஆனால் அவர் மாட்டிய வண்டி எதுவும் நடுங்கி நான் பார்த்ததில்லை. இறக்கிய பிறகு என்ன பார்க்க வேண்டும், எதைக் காட்ட வேண்டும் என்று மட்டும் எழுது. என் வீட்டுக்காரரைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம்.

தங்கச்சி.


ஏப்ரல் 3

தங்கச்சிக்கு,

வரவில்லை.

மயிரிழைக் கோணலையும் ஊசியால் காட்டும் என் டயல் கேஜைப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். இதுவரை யாருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கீழே போட வேண்டாம் என்று கண்ணாடியிடம் சொல்.

கியர்பாக்ஸை இறக்கும்போது அடியில் ஜாக்கி கொடுத்துத் தாங்கி, நேராகப் பின்னால் இழுக்கச் சொல். தொங்கவிட்டால் அதன் கனம் முழுக்கப் பிளேட்டின் நடுவில் விழும். பிறகு இப்போது வளைந்தது, முன்பு வளைந்தது என்று பேச்சு வரும். பிளேட்டை எடுத்ததும் நடுப் பல்லைப் பார்க்கச் சொல். சாய்வாகத் தேய்ந்திருக்கும். எஞ்சினோடு உரசும் அதன் மேல் முகத்தில் கனம் பாக்கி இருக்கும், அதை அதிகாரியிடம் அவசியம் காட்ட வேண்டும். காலால் கெட்டிருந்தால் முகம்தான் முதலில் தேயும்.

பிறகு கேஜை எஞ்சினின் பிளைவீல் சக்கரத்தில் பொருத்தி, கியர்பாக்ஸின் வெறும் கூட்டை மட்டும் பழைய போல்ட்டுகளால் பின் இல்லாமல் மாட்டி, பிளைவீலைக் கையால் ஒரு சுற்று சுற்றச் சொல். ஊசியை எல்லோரும் பார்க்கட்டும். அதே கூட்டைப் புது பின் போட்டு மாட்டி மறுபடி ஒரு சுற்று. அதற்கு மேல் யாரும் பேச வேண்டியதில்லை. சேரும் முகங்களில் துரு, பெயிண்ட், பிசிறு எதுவும் இல்லாமல் முதலில் துடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் அதுவே கோணலாக்கும்.

நீ எழுதியதை அண்ணியும் படித்தாள். உன் பக்கம்தான் பேசுகிறாள். எப்போது வேண்டுமானாலும் இங்கே வா.

அண்ணன்.


ஏப்ரல் 24

அண்ணா,

கேஜ் பத்திரமாக இருக்கிறது. கண்ணாடி அதைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு அலைகிறார். இன்னும் சில நாள் வேண்டுமாம், காரணம் பின்னால் எழுதுகிறேன்.

விசாரணைக்கு வந்த அதிகாரி ஒரு பெண்மணி. வெள்ளைச் செருப்பு போட்டிருந்தார். பட்டறைக்குள் வருவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றார். கால் தப்பியதா என்று என்னைக் கேட்டார். வண்டியைத் திறந்து பார்த்துவிட்டு நீங்களே சொல்லுங்கள் என்றேன். ஃபோர்மேன் சொன்ன பிறகு அதெல்லாம் எதற்கு என்று மேலாளர் கேட்டார். அந்த அம்மாள், திறந்தால் என்ன நஷ்டம் என்று கேட்டார். கண்ணாடி போய் ஜாக்கியை எடுத்து வந்தார்.

நீ எழுதியபடியே கண்ணாடி செய்தார். பயந்த ஆள்தான், ஆனால் வேலை நடுங்கவில்லை. பிளேட் வெளியே வந்ததும் இரண்டு ஸ்பிரிங் தரையில் விழுந்து உருண்டன. நடுப் பல் ஒருபக்கம் கத்திபோலத் தேய்ந்திருந்தது. மேல் முகத்தில் கனம் அப்படியே இருந்தது. புது பிளேட் ஒன்றைப் பக்கத்தில் வைத்து, கால் தேய்க்கிற இடம் இது, இங்கே தேயவில்லை என்று கண்ணாடி மெதுவாகச் சொன்னார். பிறகு உன் கேஜைப் பொருத்திப் பிளைவீலைச் சுற்றினார். ஊசி எழுந்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. புது பின் போட்டு மாட்டிச் சுற்றியபோது இருந்த இடத்திலேயே தூங்கியது. அதிகாரியம்மாள் குனிந்து ஊசியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெள்ளைச் செருப்பு முழுக்கக் கிரீஸ், அவர் கவனிக்கவில்லை.

பின் இரண்டும் எங்கே என்று ஃபோர்மேனைக் கேட்டார். அந்த ஆள் ஒரு வார்த்தை தடுமாறவில்லை. பழைய வண்டி, முன்பே விழுந்திருக்கும், தனக்கு எப்படித் தெரியும் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டில் சாப்பிடும்போது என்னிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டதைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. அந்த ஆள் சிரித்துக்கொண்டே அதிகாரியிடம், "புருஷன் பொண்டாட்டிக்குள்ள பேசுனதெல்லாம் சாட்சி ஆகுமா மேடம்?" என்று கேட்டார். உன்னிடம் அப்படிச் சொல்லவே இல்லை, நான் பிடுங்கவே இல்லை என்று மறுக்கவில்லை; சொன்னதை அந்தக் கேள்வியே ஒப்புக்கொண்டுவிட்டது. அந்தச் சிரிப்போடு சரி, அவர் கதை முடிந்தது. அந்த அம்மாளும் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அந்த ஆள் இப்போது வேலையில் இல்லை. என்னைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். விசிலின் வைத்தியச் செலவை டிப்போ ஏற்றுக்கொண்டது. நான் வண்டியைச் சந்துக்குள் எடுத்துப் போனேன். பெடலை விடும்போது முன்பிருந்த நடுக்கம் இல்லை, ரிவர்ஸ் சத்தமில்லாமல் விழுந்தது. பின்னால் புது ஆள் வாயால் 'வா வா' என்று கத்தினான். விசில் திரும்பி வந்தாலும் இனி லாரிப் படியில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி சரியானதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

வீட்டை விட்டு வந்துவிட்டேன். டிப்போவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருக்கிறேன், ஜன்னலைத் திறந்தால் குப்பை லாரிகள்தான் தெரியும். துணியை எடுக்கப் போனபோது அந்த ஆள் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இப்ப உனக்குத் திருப்தியா என்று மட்டும் கேட்டார். பதில் சொல்லவில்லை. அந்த வாய்க்குப் பதில் சொன்னால் என் வாயும் அதில் நனைந்துவிடும்போல இருந்தது. குழாயடியில் குளிக்காமலே உள்ளே போய், குளிக்காமலே வெளியே வந்தேன்.

அடுத்த வாரம் இரண்டு நாள் லீவு கிடைக்கும், வருகிறேன். அந்த ஆளைப் பற்றி நீ ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. அண்ணி கேட்கட்டும், அவளிடம் சொல்வேன்.

கேஜ் ஏன் இன்னும் வேண்டும் என்றால், அந்த ஆள் மாட்டிய எல்லா வண்டிகளையும் இறக்கிப் பார்க்கச் சொல்லிவிட்டார் அதிகாரியம்மாள். இதுவரை இரண்டில் பின் இல்லை. அதில் ஒன்றை ஓட்டியவர் ஒரு வயதான டிரைவர். தாடிக்காரர் என்பார்கள். கிளட்சைக் கெடுக்கிறார், கால் போய்விட்டது, வயதாகிவிட்டது என்று அவரைப் போன வருஷம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் எப்படி உடம்பெல்லாம் குலுங்கக் குலுங்க வண்டியைக் கிளப்புவார் என்று அந்த ஆள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தபடியே நடித்துக் காட்டியிருக்கிறார்.

தாடிக்காரர் வீட்டைத் தேடிப் பிடித்துப் போனேன். மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. வாசலில் ஒரு ஸ்கூட்டர், மேலே தூசி ஒரு விரல் கனம். என்னைத் தெரிந்துகொண்டார், உள்ளே கூப்பிடவில்லை. நான் நின்றபடியே எல்லாம் சொன்னேன். பின் இல்லை, கால் காரணம் இல்லை, உங்கள் வண்டியையும் இறக்கிப் பார்த்தாகிவிட்டது என்றேன். அவர் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார்.

"அன்னையிலேர்ந்து நான் இந்த ஸ்கூட்டரக்கூடத் தொடலம்மா. யாரையாவது இடிச்சுருவனோன்னு பயம். கால்தான் போச்சுன்னு நானே நம்பிட்டேன்."

டிப்போவில் உங்களைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்றேன். அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"உன் வீட்டுக்காரருக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

தெருப் பக்கம் திரும்பிக் காறித் துப்பினார். பிறகு, "உன்னப் பாத்து இல்லம்மா," என்றார். புரிகிறது என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

தெருமுனை வரை நடந்தேன். ஆள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு நானும் துப்பினேன். வாய் சுத்தமாகவில்லை. மறுபடி துப்பிவிட்டு டிப்போவுக்குப் போய் வண்டியை எடுத்தேன்.

தங்கச்சி.